பூநாரை என்று நான் சத்தியம் செய்த பறவை: யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. அராலிப் பாலத்தடியில், தூரத்தில் இளஞ்சிவப்பாக ஏதோ நின்றது. கைபேசியில் மங்கலாக ஒரு படம் எடுத்து, "பூநாரை வந்துவிட்டது" என்று எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். மறுநாள் விடியுமுன் நான்கு குடும்பங்கள் அங்கே வந்து நின்றன. அவர்களோடு வந்திருந்த ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தன் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, பூநாரைக்கு எப்போதிருந்து மஞ்சள் மூக்கு?"

அது மஞ்சள்மூக்கு நாரை. வருடம் முழுவதும் இங்கே நிற்கும் பறவை. மடித்த சிறகின் பின்பக்கத்தில் மட்டும் ரோசா நிறம் பூசியிருக்கும். தூரத்திலிருந்து பார்க்கிறவனை ஏமாற்ற அது போதும். பூநாரையின் மூக்கு ரோசா நிறம், நுனி கறுப்பு, நடுவில் உடைந்ததுபோல் கீழே வளைந்திருக்கும். இந்த இரண்டு வரி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் நான்கு குடும்பங்களின் நித்திரை கெட்டிருக்காது.

இன்று எங்கள் கூட்டத்தில் பதினொரு பேர் இருக்கிறோம். கண்டதைப் பகிர்கிறோம், மாதம் ஒருமுறை சேர்ந்து போகிறோம். ஆனால் தனியாக அலைந்து, தவறான பொருளை வாங்கி, தவறான இடத்தில் கமராவைத் தூக்கி, இரண்டு பருவங்களை நான் வீணாக்கியிருக்கிறேன். நீங்கள் இதை இரண்டு மாதத்தில் முடிக்கலாம். அதற்காகத்தான் இது.

1. முதல் மாதம் வளவைத் தாண்டாதீர்கள்

புதிதாக வருகிற எல்லோருக்கும் நேரே பூநாரைக்குப் போகத்தான் ஆசை. அது வேண்டாம். முப்பது நாட்கள், காலையில் அரை மணி நேரம், கிணற்றடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். காகம், மைனா, கிளி, புலுனி, செண்பகம், குயில், தேன்சிட்டு, மீன்கொத்தி, ஆட்காட்டி, பனை ஓலைக்குள் கூடு ஒட்டும் பனை உழவாரன், பனையிலிருந்து கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குரலிலேயே சொல்லப் பழகிவிட்டால் பிறகு எங்கே போனாலும் புதியது எது என்று தானாகத் தெரியும்.

வளவுப் பறவைதானே என்று தாழ்வாக எண்ணவும் வேண்டாம். மின்கம்பியில் நம் கண்முன்னே இருக்கும் கரிக்குருவியைப் பார்க்கத் தென்னிலங்கைப் பறவை ஆர்வலர்கள் இங்கே வரவேண்டியிருக்கிறது. அது நாட்டின் வடக்கு, வடமேற்குக் கரையோரத்துப் பறவை. கௌதாரியும் அப்படித்தான். நம் தென்னையைக் கொத்துகிற மரங்கொத்திக்கு முதுகு பொன்னிறம். தெற்கே போனால் முதுகு சிவந்த மரங்கொத்தி, அது வேறு இனம். நம்முடையதன் விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல்லிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது.

பெயர்களில் ஒரு பொறி உண்டு. நாம் புலுனி என்பதைத் தமிழ்நாட்டுக் கையேடுகள் தவிட்டுக்குருவி என்கின்றன. நம் செண்பகம் அங்கே செம்போத்து. ஊர்ப் பெயரை விடவேண்டாம், ஆனால் குறிப்பேட்டில் பக்கத்திலேயே விஞ்ஞானப் பெயரையும் எழுதிவையுங்கள். "கொக்கு" என்று மட்டும் எழுதினால் அது எதையும் சொல்லாது; இங்கே வெள்ளையாய் நிற்கும் கொக்குகளே நான்கு வகை.

2. பைனாகுலர்: எது, எவ்வளவு

நான் முதலில் வாங்கியது கமரா. கடன்பட்டு, பெரிய வில்லையோடு. அது இப்போது அலுமாரியில் இருக்கிறது. தொடங்குகிறவருக்குத் தேவையானது பைனாகுலர்தான், அதிலும் எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று எழுதியிருப்பது. எட்டு என்பது உருப்பெருக்கம். நாற்பத்திரண்டு என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். பத்து மடங்கு காட்டுவது நல்லதுதானே என்று தோன்றும். கை நடுங்கும்போது பறவையும் பத்து மடங்கு நடுங்கும் என்பதை வாங்கிய பிறகுதான் உணர்வீர்கள். திருவிழாக் கடையில் தொங்குகிற, கண்ணாடி சிவப்பாக மின்னுகிற பொருட்களை விளையாட்டுச் சாமானாக எண்ணி விட்டுவிடுங்கள்.

என்னுடையது ஒருவர் பாவித்துவிட்டு விற்றது. 28,000 ரூபா கொடுத்தேன். பாவித்ததை வாங்கும்போது மூன்று காரியம் செய்யுங்கள். பெரிய கண்ணாடிப் பக்கத்தால் வெளிச்சத்தை நோக்கிப் பார்த்து, உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்த்து, அது இரண்டாகத் தெரிகிறதா என்று பாருங்கள். குவியச் சக்கரம் கடைசி வரை வழுக்காமல் சுழல்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். அரை மணி நேரத்தில் தலையிடி வரும்.

புதியது வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தாருக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகிற மாமாவின் பயணப்பெட்டி. கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். பொதியாக அஞ்சலில் போட்டால் சுங்கத் தீர்வை, எடுக்கப் போகிற அலைச்சல், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து மலிவாக வாங்கியதன் பயனே போய்விடும். எனக்கு அப்படி ஒரு பொதி ஏழு வாரம் எடுத்தது.

உப்புக் காற்று கண்ணாடிக்கு எமன். வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகள் நாலைந்தைப் போட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். செலவு இருநூறு, முந்நூறு ரூபாவைத் தாண்டாது.

கடல்நீரேரியில் தூரத்து உள்ளான்களைப் பிரித்தறிய முக்காலியில் நிறுத்தும் ஒற்றைக்கண் தொலைநோக்கி வேண்டும். அதைத் தனியாக வாங்காதீர்கள். கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் இருக்கும். எங்களில் பதினொரு பேருக்கு ஒன்றுதான்.

3. எந்த மாதம், எத்தனை மணி

வலசைப் பறவைகள் செப்டெம்பரிலிருந்து வரத் தொடங்கும், ஏப்ரலுக்குள் பெரும்பாலும் போய்விடும். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே இறங்கும் வான்பாதையின் முடிவில் இருக்கிறது நம் தீவு. இதற்கப்பால் அவற்றுக்குக் கடல்தான். ஆனால் மாரி உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசம்பரில் வெளிகளெல்லாம் நீர் நிறைந்து பறவைகள் சிதறிவிடும், நீங்களும் நனைவீர்கள். மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை என் கணக்கில் பொற்காலம். நீர் சுருங்கச் சுருங்கப் பறவைகளும் ஓரிடத்தில் நெருங்கும். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், கரண்டிவாயன், நெடுங்கால் உள்ளான் எல்லாவற்றையும் ஒரே வெளியில் நான் கண்டது பெப்ரவரியில்தான்.

காலை ஆறேகாலுக்கு இடத்தில் நில்லுங்கள். வீட்டிலிருந்து ஆறேகாலுக்குப் புறப்படுவது வேறு. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள நம்மவர்களுக்குச் சில மாதம் எடுக்கும். பத்து மணியானால் நீரேரிக்கு மேல் கானல் எழும்பும். எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியிலும் பறவை நெளியும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் ஒரே கறுப்புத்தான்.

இந்தியக் கடற்கரைகளுக்கென எழுதிய வழிகாட்டிகள் கடல் பெருகும் நேரம், வற்றும் நேரம் பற்றி விரிவாகப் பேசும். நமக்கு அது அவ்வளவு உதவாது. இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. காற்று எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் பறவை நின்ற இடம் மறுநாள் முழங்காலளவு நீராக இருப்பது இதனால்தான்.

4. பைக்குள் இருக்கவேண்டிய தாள்கள்

தேசிய அடையாள அட்டை. நகல் போதாது, அட்டையே வேண்டும். மோட்டார் சைக்கிளில் போனால் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கூட வந்தால் கடவுச்சீட்டு. பாடசாலைப் பிள்ளைகளை அழைத்துப் போனால் பெற்றோரின் கையெழுத்துள்ள கடிதம்; பாடசாலை வழியாக என்றால் அதிபரின் கடிதமும் சேரவேண்டும், அதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவே கேளுங்கள்.

இதெல்லாம் எதற்கு? விடியற்காலை ஆறு மணிக்குக் கரையோரம் முக்காலி நட்டு நீளக் குழாய் ஒன்றைத் தூக்கி நிற்பவனை யாரும் கேள்வி கேட்பார்கள். என்னை ஒருமுறை ஒரு காவலரணுக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். நான் குறிவைத்தது வேலிக்கம்பியில் இருந்த செம்பருந்தை. என் படத்தில் பருந்துக்குப் பின்னால் இருந்தது காவல் கோபுரம். படங்களை அழித்து, பெயர், முகவரி எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால் பிழையில் பாதி என்னுடையது: கையில் அடையாள அட்டை இல்லை, பறவைக் கையேடு இல்லை, குறிப்பேடும் இல்லை.

ஆகவே முகாம், துறைமுகம், விமான நிலையப் பக்கங்களில் கமராவைப் பைக்குள் வையுங்கள். பலாலிச் சுற்றாடலில் எந்தப் பறவை பறந்தாலும் அதைக் கண்ணால் பார்த்தால் போதும். யாராவது வந்து கேட்டால் முதலில் பறவைக் கையேட்டைத் திறந்து, பார்த்த பறவையின் படத்தைக் காட்டுங்கள். பாதிப் பேர் "இது எங்கள் ஊரிலும் இருக்கிறது" என்று பேசத் தொடங்கிவிடுவார்கள். ட்ரோன் வைத்திருப்பவர் வீட்டில் விட்டுவிட்டு வரட்டும்; அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதைவிடப் பறவைக் கூட்டம் முழுவதும் கலைந்துவிடும்.

இன்னொன்று, இதில் விளையாட வேண்டாம். முகமாலைப் பக்கமும் அதைச் சுற்றியும் கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்துவந்த நிலங்கள் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் மாடும் மனிதரும் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்காதீர்கள்.

5. எங்கே போவது

பண்ணைப் பாலத்தில் தொடங்குங்கள். கோட்டைக்குப் பக்கத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், செலவு இல்லை. இரண்டு பக்கமும் ஆழமற்ற நீர். ஆலாக்கள் தலைக்கு மேலேயே பறக்கும், நீர்க்காகம் கம்பத்தில் சிறகு விரித்துக் காயும், கொக்கு வகைகளை ஒன்றுக்கு ஒன்று பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வாகனங்கள் வேகமாக வரும் வீதி என்பதால் ஓரத்துக்கு நன்றாக ஒதுங்கி நில்லுங்கள். அங்கிருந்து மண்டைதீவு, வேலணை என்று தொடர்ந்து போகலாம்.

காக்கைதீவிலிருந்து கல்லுண்டாய் வெளி வழியாக அராலிக்குப் போகும் வீதிதான் பருவத்தில் எனக்கு மிகப் பிடித்தது. ஒரு பக்கம் கடல்நீரேரி, மறுபக்கம் உவர்த்தரவை. மோட்டார் சைக்கிளில் ஒரு லீற்றர் பெற்றோல் போய்வரப் போதும். பூநாரை வருகிற வருடங்களில் இந்தப் பக்கமும் பாருங்கள். வராத வருடத்தில் வருத்தப்படாதீர்கள். இங்கே இரண்டு தொல்லை. குப்பை கொட்டும் இடத்தைச் சுற்றித் திரியும் நாய்கள் கூட்டமாக வரும். தனியாக இறங்க வேண்டாம், கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றது சேறு. மேலே வெடித்துக் காய்ந்ததுபோல் இருக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். என் இடதுகால் செருப்பு ஒன்று இன்னும் அங்கே இருக்கிறது.

பொன்னாலைப் பாலம் காரைநகருக்குப் போகும் வழி. பாலத்தில் நின்றபடியே பார்க்கலாம். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் "பாதை" என்னும் மிதவைப் படகு ஓடும் நாட்களில் மோட்டார் சைக்கிளை அதில் ஏற்றிக் கடந்து, வேலணை, பண்ணை வழியாக வட்டமடித்து வீடு திரும்பலாம். ஒரே காலையில் நான்கு வகை நீர்நிலை. புறப்படுமுன் பாதை ஓடுகிறதா என்று அந்தப் பக்கத்து ஆள் யாரையாவது கேளுங்கள். பழுது என்றால் வந்த வழியே திரும்பவேண்டும்.

தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு. பெயரே சொல்கிறது. சாவகச்சேரியிலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியால் போகலாம். கண்டல்மரங்களில் நீர்ப்பறவைகள் அடையும் இடம் என்பதால் மாலை நான்கரைக்குப் போய், அவை கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைத் தூரத்தில் நின்று பாருங்கள். கண்டலுக்குள் நுழைய வேண்டாம். வல்லை வெளியும் நல்லது. காற்றுத்தான் கண்ணாடியைப் பிடிக்க விடாது. பாலத்தின் ஓரக்கட்டில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு 2015இல் தேசிய பூங்காவானது. கேள்விப்பட்டதும் முதல் வாரமே போக மனம் துடிக்கும். தூரம், மணற்பாதை, உணவு, தண்ணீர் எதுவும் வழியில் நிச்சயமில்லை. முதல் பருவத்தில் தனியாகப் போகாதீர்கள். பூங்கா என்பதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் விதிகள் பொருந்தும். போகும் முன் அனுமதி, கட்டணம் பற்றி அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நெடுந்தீவுக்கு குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் கேளுங்கள், குதிரையும் பறவையும் பிறகு.

6. ஆட்களைத் தேடுவது

இதில்தான் நான் அதிக காலம் வீணாக்கினேன். யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்கிறவர்கள் இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறார்கள், தங்களைப் பறவை பார்க்கிறவர் என்று அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் மாணவர்கள், பாடசாலைச் சூழல் கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், திருமணப் படம் எடுத்து அலுத்துப்போன கமராக்காரர்கள். எல்லோருக்கும் மேலாகக் கடல்நீரேரித் தொழிலாளர்களும் மாட்டுப்பட்டிக்காரர்களும். காக்கைதீவுப் பக்கத்து அண்ணை ஒருவருக்குப் பறவைகளின் புத்தகப் பெயர் ஒன்றும் தெரியாது. எந்தக் காற்றுக்கு எந்த மூலையில் எது இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்ததுபோல் எங்களில் யாருக்கும் தெரியாது. வலை இழுத்து முடியும்வரை காத்திருந்து, ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். அவருடைய வலைக்குக் குறுக்கே நடக்காதீர்கள்.

கொழும்பில் இரண்டு பழைய அமைப்புகள் இருக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகத்தைத் தளமாகக் கொண்ட களப் பறவையியல் குழு 1976இல் தொடங்கியது. சிலோன் பேர்ட் கிளப் 1943இலிருந்து இருக்கிறது. ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் ஒரே காலத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதில் சேர விருப்பம் என்று டிசம்பர் முதல் வாரமே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ஜனவரி பிறந்த பிறகு கேட்டால் அடுத்த வருடம்தான். அனுபவம் இல்லை என்று தயங்க வேண்டாம். எண்ணுகிறவருக்குப் பக்கத்தில் நின்று எழுதித் தரவும் ஆள் வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த ஒரு காலையில் நான் கற்றது, தனியாகத் திரிந்த ஒரு பருவத்தைவிட அதிகம்.

பெண்கள் விடியற்காலையில் வெளிகளுக்குத் தனியே வரத் தயங்குவது நியாயம். எங்கள் கூட்டத்தில் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். இருவர் இருவராகவே புறப்பட்டு, போய்ச் சேர்ந்ததும் எங்கள் கைபேசிக் குழுவுக்கு ஒரு வரி அனுப்புவார்கள். பிறகு ஆண்களும் அதைப் பின்பற்றத் தொடங்கினோம்.

7. கண்டதை எழுதுவது, அனுப்புவது

"அராலியில் நிறையப் பறவை" என்ற செய்தியால் யாருக்கும் பயன் இல்லை. ஒரு பதிவில் ஐந்து விடயம் இருக்கவேண்டும்: நாள், தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், இடம், இனம், எண்ணிக்கை. எங்கள் குழுவில் ஒரு செய்தி இப்படித்தான் வரும்: "பெப்ரவரி 9, காலை 6.30 முதல் 7.40 வரை, அராலிப் பாலத்தின் தெற்கு, கரண்டிவாயன் 14, மஞ்சள்மூக்கு நாரை 31, தூரத்தில் வாத்து ஏறக்குறைய 400, இனம் தெரியவில்லை." கடைசி இரண்டு சொற்களை எழுத வெட்கப்படாதீர்கள். "இனம் தெரியவில்லை" என்று எழுதுகிறவரின் மற்றப் பதிவுகளை நான் நம்புகிறேன்.

பெருங்கூட்டத்தை எண்ணும் வித்தை எளிது. முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அளவு துண்டுகளாகக் கூட்டத்தைக் கடந்து போங்கள். ஆயிரக்கணக்கில் என்றால் நூறின் துண்டு. இரண்டு பேர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் முதல் முறை சிரிப்பு வரும். நான்காம் முறை இருவரின் கணக்கும் நெருங்கிவிடும்.

குழுவுக்கு அனுப்பியதோடு நிறுத்தினால் பதிவு ஒரு வாரத்தில் கல்யாண வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். ஆகவே இ-பேர்ட் செயலியிலும் ஏற்றுங்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்துவது, இலவசம். கணக்குத் திறக்கப் பெயரும் மின்னஞ்சலும் போதும், பத்து நிமிட வேலை. அதே ஆய்வகத்தின் மெர்லின் செயலி இனம் கண்டுபிடிக்க உதவும். நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், வெளியில் சிக்னல் கிடைக்காது. மெர்லின் சொல்வதை வேதவாக்காக எடுக்கவேண்டாம். அது ஒரு யோசனை. முடிவு உங்கள் கண்.

பட்டியலை முடிக்கும்போது, கண்டு இனங்கண்ட பறவை எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று இ-பேர்ட் கேட்கும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு "ஆம்" போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அரிய பறவை என்று நீங்கள் போட்டதைப் பற்றி, இந்தப் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் விபரம் கேட்டு எழுதக்கூடும். அவமானமாக எடுக்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் எடுத்தேன். மூக்கு, கால், பறக்கும்போது சிறகில் கண்ட கோடு என்று பார்த்ததை மட்டும் எழுதி, மங்கலாக இருந்தாலும் படத்தையும் சேருங்கள். காலில் நிறக்கொடியோ வளையமோ கண்டால் நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து எண் ஏதும் உண்டா என்று அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வரும்போது இடதும் வலதும் மாறிவிடும்.

8. அனுப்பக்கூடாதவை

கூடு. முட்டை. குஞ்சு. ஆந்தை அடையும் மரம். இவற்றின் இடத்தைக் குழுவிலோ முகநூலிலோ போடாதீர்கள். எங்களில் ஒருவர் நல்ல மனத்தோடு ஆட்காட்டிக் கூடு ஒன்றின் படத்தைப் போட்டார். இரண்டு நாளில் அந்தத் தரவையில் பதினைந்து பேரின் காலடி. மூன்றாம் நாள் முட்டை இல்லை. நாய் எடுத்ததோ, காகம் எடுத்ததோ, மனிதர் எடுத்ததோ தெரியாது. தரையில் முட்டையிடும் பறவை எழுந்து உங்களைச் சுற்றிக் கத்தினால் நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று பொருள். வந்த காலடியிலேயே பின்வாங்குங்கள்.

படத்தோடு இடக்குறிப்பும் சேர்ந்து போகும் என்பதையும் மறக்கவேண்டாம். கமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்திவையுங்கள். தனியார் வளவுக்குள் கண்டதென்றால் வீட்டுக்காரரைக் கேட்காமல் இடம் சொல்லாதீர்கள். பூவல் கிணற்றடியில் பாட்டி குளிக்கும் நேரம் வேலியால் எட்டிப்பார்க்கும் பைனாகுலர்களை எந்த ஊரும் பொறுக்காது. காயப்பட்ட பறவையையோ, பறவை பிடிக்கும் வலையையோ கண்டால் குழுவில் விவாதம் வைக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள்.

9. சந்திப்பு வைப்பது

போயா நாள் காலைதான் எங்களுக்கு ஒத்துவந்தது. ஞாயிறு என்றால் பாதிப் பேருக்குத் தேவாலயம், மீதிப் பேருக்குப் பிள்ளைகளின் ரியூஷன். பெப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுவதும் வீட்டுவளவுப் பறவைகளை எண்ணுவார்கள். மே, ஒக்டோபர் இரண்டாம் சனிக்கிழமைகள் உலக வலசைப் பறவைகள் தினம். புதியவர்களை அழைக்க இவை நல்ல சாட்டு.

பத்துப் பேருக்கு மேல் ஒரு வெளிக்கு வேண்டாம். வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பழையவர் ஒருவரை விடுங்கள். மண்நிற உடுப்பில் வரச் சொல்லுங்கள்; வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேர்ட் தூரத்திலேயே பறவையை எழுப்பிவிடும். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, சேற்றில் போனாலும் கவலைப்படாத சப்பாத்து. வாசனைத் திரவியம் பூசி வந்தவரைப் பறவை பொறுத்துக்கொள்ளும், பக்கத்தில் நிற்பவர் பொறுக்கமாட்டார்.

காசு விடயத்தை முதல் நாளே பேசுங்கள், இல்லாவிட்டால் நட்பு கெடும். பண்ணை, அராலி என்றால் அவரவர் பெற்றோல், இடியப்பப் பார்சல், தேநீர், வடை. ஆளுக்கு 600 ரூபாவுக்குள் முடிந்துவிடும். போன பெப்ரவரியில் சுண்டிக்குளத்துக்கு வான் பிடித்தோம். சாரதியின் சாப்பாட்டோடு 22,000 ரூபா, பதினொரு பேர், ஆளுக்கு 2,000. முற்பணத்தைப் புதன்கிழமைக்குள் வாங்கிவிட்டேன். அதற்கு முந்திய முறை வாங்காமல் விட்டதில் ஐந்து பேர் விடிய நான்கு மணிக்குக் காய்ச்சல் என்றார்கள். மீதி ஆறு பேரும் முழு வாடகையைச் சுமந்தோம்.

பார்த்து முடிந்ததும் கலைந்து போகவிடாதீர்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து பட்டியலை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் திருத்தவேண்டும். பாதி இனங்களில் சண்டை வரும், அங்கேதான் புதியவர் கற்றுக்கொள்வார். அன்று இரவுக்குள் ஒருவர் இ-பேர்டில் ஏற்றி, கூட வந்தவர்களுடன் பட்டியலைப் பகிரட்டும். ஆளுக்கு ஒன்றாக ஏற்றினால் அதே பதினான்கு கரண்டிவாயன் நூற்றைம்பத்து நான்காகிவிடும். அடுத்த போயாவுக்கு எங்கே போவது என்பதையும் கடையை விட்டு எழும்புமுன் முடிவுசெய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கைபேசியில் பேசித் தீர்மானிக்கலாம் என்று விட்ட மூன்று மாதங்களிலும் நாங்கள் எங்கும் போகவில்லை.